சீட்டக்கா கார் ஒழுகிய கதை

எங்கள் வரிசையில் மொத்தம் ஒன்பது கடைகள். எல்லாமே கார் சம்பந்தப்பட்டவை. முதல் கடை டயர். கடைசிக் கடை என்னுடையது. நம்பர் பிளேட் எழுதுகிறேன். நடுவில், இரண்டு ஷட்டர் அகலத்துக்கு, சீட்டக்காவின் கடை. கார் சீட்டுகளுக்கு உறை தைப்பதும், உட்கார்ந்து உட்கார்ந்து குழி விழுந்த சீட்டுகளுக்கு ஃபோம் மாற்றுவதும் அவர் தொழில். "சீட்டக்கா கடை எதுங்க?" என்று யாரோ கேட்டதை வைத்து, உள்ளே சீட்டு விளையாடுகிறார்கள் என்று நினைத்து ஒருவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டே நுழைந்தார். அக்கா அவரைச் சும்மா அனுப்பவில்லை. "ஆட்டம் இல்லைன்னா என்ன, உங்க வண்டி சீட்டு எப்படி இருக்கு?" என்று கேட்டு, மறுவாரமே அவர் காரின் நான்கு சீட்டுக்கும் உறை தைத்துவிட்டார்.

முப்பது வருஷம் அடுத்தவர் கார்களில் சீட்டு தைத்தவர், ஐம்பத்து மூன்றாவது வயதில்தான் ஓட்டக் கற்றுக்கொண்டார். ஓட்டுவதற்கு அப்போது வண்டி கிடையாது. "சைக்கிள் வாங்கிட்டா நீச்சல் கத்துக்கிட்டோம்? அது மாதிரிதான்" என்பார். யாருக்கும் அர்த்தம் புரியாது, ஆனாலும் தலையாட்டுவோம்.

வண்டி வந்தது ஒரு வக்கீல் மூலமாக. அவர் பிறந்த காலத்திலேயே தயாரிப்பு நின்றுபோன நாலு கதவு கார். பாசிப்பச்சை நிறம், ஆமை ஓடு மாதிரி முதுகு. சீட்டு தைக்க விட்டுவிட்டுப் போனவர், வருஷக்கணக்கில் எடுக்க வரவில்லை. கடைசியில் ஒருநாள் வந்து, சாவியை மேஜையில் வைத்தார்.

"என்னால இனிமே இதோட மல்லுக்கட்ட முடியாதும்மா. என் பிள்ளைங்களுக்கு இதைப் பார்த்தாலே எரிச்சல். காயலான் கடைக்குப் போடவும் மனசு வரல. நீங்க வெச்சுக்கறீங்களா?"

அக்கா யோசிக்கவே இல்லை. "வெச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, வக்கீல் தெருமுனை திரும்பிய பிறகுதான் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

அதைச் சரிசெய்ய இரண்டு வருஷம் பிடித்தது. தகர வேலை ஒரு பக்கம், பெயிண்ட் ஒரு பக்கம். இஞ்சினைப் பக்கத்துக் கடை மெக்கானிக்கிடம் ஒப்படைத்தார். அவரை நாங்கள் டாக்டர் என்போம். எந்த வண்டி வந்தாலும் பானெட்டைத் திறக்கமாட்டார், முதலில் ஓட்டுநரை உட்கார வைத்து, "எத்தனை நாளா இப்படி? காலையில ஜாஸ்தியா, சாயங்காலம் ஜாஸ்தியா?" என்று விசாரிப்பார். நல்ல கைகாரர். அவர் கழற்றிக் கோத்த இஞ்சின்கள் இந்த ஊர் ரோட்டில் நிறைய ஓடுகின்றன.

பச்சைக் கார் முதல்முறை உறுமி எழுந்த அன்று ஒன்பது கடையும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றது. அக்கா ஓட்டுநர் இருக்கையில், தான் தைத்த சீட்டிலேயே, முதுகு சாயாமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். வரிசையை ஒரு சுற்று சுற்றிவந்து நிறுத்தினார். நாங்கள் கைதட்டினோம்.

மறுநாள் காலை கடை திறந்தபோது வண்டிக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய் தேங்கிக் கிடந்தது.

"பின்பக்க ஆயில் சீல்" என்றார் டாக்டர், குனிந்து பார்த்து. இஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில், சுழலுகிற தண்டைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் உண்டு. எண்ணெயை உள்ளே நிறுத்துவது அதுதான். அதைத் தொட வேண்டுமென்றால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். இரண்டு நாள் மல்லாந்து கிடந்து இறக்கினார். புது சீல் போட்டார், ஏற்றினார். ஓட்டினார்கள். மறுநாள் அதே இடத்தில் அதே உள்ளங்கை.

மறுபடி இறக்கினார். இந்தமுறை வேறு கடையில் வாங்கிய சீல். கூடவே எண்ணெய்த் தொட்டி ஓரம் கசியாமல் தடுக்கிற பேக்கிங்கையும் மாற்றினார். மறுநாள் உள்ளங்கை கொஞ்சம் பெரிதாகியிருந்தது. விரலையும் சேர்த்துக்கொண்ட மாதிரி.

வரிசைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பேட்டரி கடைக்காரர், "கைக்குழந்தைக்குக் கட்டுற மாதிரி ஒரு துணி கட்டி விடுங்கக்கா" என்றார். டயர் கடைக்காரர் தினமும் காலையில் வந்து, "இன்னிக்கு எத்தனை தடவை?" என்று விசாரித்துவிட்டுப் போவார். அக்கா முதலில் சிரித்தார். ஐந்தாவது வாரம் சிரிப்பு நின்றுவிட்டது.

மூன்றாவது முறை இறக்கச் சொன்னபோது டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அக்கா, பழைய வண்டின்னா ஒழுகத்தான் செய்யும். அடியில ஒரு தட்டு வெச்சுக்கங்க."

"நான் தெச்ச சீட்டு பிரிஞ்சுபோச்சுன்னு ஒருத்தர் வந்தா, அடியில கையை வெச்சுக்கிட்டு உக்காருங்கன்னா சொல்லி அனுப்புறேன்?"

"நான் ரெண்டு தடவை முதுகு தேய இறக்கிட்டேன்."

"ரெண்டு தடவையும் ஒழுங்கா ஏத்தியிருந்தா மூணாவது தடவை எதுக்கு?"

டாக்டர் கை துடைத்த துணியை வீசிவிட்டு உள்ளே போய்விட்டார். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அன்றிலிருந்து அந்தச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பேச்சு இல்லை. ஆனால் அக்கா மற்ற கடைகளில் பேசினார். என்னிடமும் பேசினார். "வேலையில சுத்தம் போயிடுச்சு அவருக்கு. அவசரம்" என்றார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். அதை மறைக்க விரும்பவில்லை.

இனி அக்காவின் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். டாக்டர் அவரை மாமா என்பார். வரிசையில் நாங்களும் அப்படியே. மாமா குடிநீர் இலாகாவில் வேலை பார்த்தவர். தரைக்கு அடியில் குழாய் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. நீளமான ஓர் இரும்புக் கம்பியை ரோட்டில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்து, அடியில் தண்ணீர் பீறிடும் சத்தத்தைக் கேட்பார். ஒரு தெரு முழுக்க நடந்து, கடைசியில் ஒரு பெருக்கல் குறி போடுவார். அங்கே தோண்டினால் கசிவு இருக்கும். அந்தக் காதுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. ஓய்வுபெறும்போது பாதி, அடுத்த இரண்டு வருஷத்தில் முக்கால்வாசி. காதில் மாட்டுகிற கருவி வாங்கிக் கொடுத்தார்கள். அதைப் போட்டால் உலகமே பாத்திரம் தேய்க்கிற மாதிரி இருக்கிறதாம், டப்பாவிலேயே கிடந்தது.

காது கேட்காததைவிட, தப்பாகக் கேட்டுத் தப்பாகப் பதில் சொல்வது அவரை வாட்டியது. யாரோ "பஸ் வந்துச்சா?" என்று கேட்க, "பசிக்கல" என்று சொல்லி, சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வெளியே போவதைக் குறைத்துக்கொண்டார். ஜன்னலோரம் நாற்காலி, செய்தித்தாள், அவ்வளவுதான். அக்கா தினமும் கடையில் நடந்ததையெல்லாம் அவரிடம் சொல்வார், சொல்வதென்றால் கத்துவார். மேல்மாடியில் புதிதாகக் குடிவந்தவர்கள், புருஷன் பெண்டாட்டிக்குள் தினமும் சண்டை என்று நினைத்து, ஒருநாள் சமாதானம் செய்யவே இறங்கி வந்துவிட்டார்கள்.

டாக்டரோடு வாய்த்தகராறு நடந்த அன்று அக்கா வீட்டுக்குப் போகும்போது, வண்டிக்கு அடியில் விரித்திருந்த அட்டையை மடித்து எடுத்துப்போனார். கோபத்தில் எடுத்துப்போனதுதான். தரையில் விரித்து, "பாருங்க! அஞ்சு வாரமா இதுதான்!" என்று கத்தினார்.

மாமா செய்தித்தாளைக் கீழே வைத்தார். அட்டையை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரலால் தொட்டு, முகர்ந்து பார்த்தார்.

"வண்டி ஓடும்போது ஒழுகுதா, நின்ன பிறகா?"

"தெரியாது."

"மேட்டுல ஏறினா ஒழுகுதா, சமதளத்துல போனாலும் ஒழுகுதா?"

அக்கா தெரியாது என்று கையை விரித்தார்.

"எதுவுமே தெரியாம அஞ்சு வாரமா எதைத் தோண்டிக்கிட்டு இருந்தீங்க?"

அக்கா பிறகு என்னிடம் சொன்னார்: "திட்டுறார்னு எனக்குக் கோபம் வரணும் இல்ல? வரல தம்பி. ஃபேனைப் போடு, கதவைச் சாத்து, இதைத் தவிர அவர் ஒரு முழு வாக்கியம் பேசிக் கேட்டு எத்தனை மாசம் ஆச்சு தெரியுமா?"

மாமா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஆள் இல்லாத நாளில் வருவேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை வரிசை மூடிக்கிடக்கும். பாதியில் விட்டிருந்த ஒரு பிளேட்டை முடிக்க நான் மட்டும் அன்று போயிருந்தேன். அதனால் பார்க்கக் கிடைத்தது.

முதலில் இரண்டு பேரும் சேர்ந்து இஞ்சினைத் துடைத்தார்கள். மண்ணெண்ணெயும் பழைய துணியுமாக இரண்டு மணி நேரம். மாமா டார்ச் அடித்துக்கொண்டே, "அங்க, அங்க" என்பார். அக்கா கையை விட்டுத் துடைப்பார். தகரம் தகரமாகத் தெரிகிற வரைக்கும் விடவில்லை. பிறகு மாமா கேட்டார்: "மாவு மாதிரி ஏதாவது வெள்ளையா இருக்கா? ஈரம் பட்டா தெரியணும்."

அக்காவிடம் இல்லாத வெள்ளையா? ரெக்ஸினில் கோடு போடுகிற சாக்கட்டிகளில் உடைந்த துண்டுகள் ஒரு டப்பா நிறைய இருந்தன. சுத்தியலால் பொடித்து, மெல்லிய துணியில் மூட்டை கட்டி, இஞ்சினின் அடிப்பக்கம் முழுக்கத் தட்டினார். பச்சைக் காரின் வயிறு பவுடர் போட்ட மாதிரி ஆகிவிட்டது.

இஞ்சினை நின்றபடியே ஓடவிட்டார்கள். கால் மணி, அரை மணி. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. மாமா சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். இலாகாவில் இருந்தபோது வைத்திருந்த பழக்கம்: மணி, இடம், ஈரம் எவ்வளவு.

அடுத்து சமதளத்தில் மெதுவாக ஒரு சுற்று. வந்து பார்த்தால் கியர்பாக்ஸ் சேருகிற இடத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு. மாமா எழுதிக்கொண்டார்.

"இப்போ தண்ணித் தொட்டி மேட்டுக்கு ஓட்டு" என்றார். ஊரின் மேற்கே ஒரு செங்குத்தான ரோடு, உச்சியில் பெரிய தண்ணீர்த் தொட்டி. அந்த ரோட்டின் ஒவ்வொரு அடியும் மாமாவுக்குத் தெரியும். அக்காவுக்கு அந்த மேட்டில் ஏறிப் பழக்கமில்லை. பாதியில் வண்டி திணற, கியரை மாற்றி, உதட்டைக் கடித்துக்கொண்டு மேலே கொண்டுபோய்ச் சேர்த்தாராம். திரும்பி வந்ததும் நானே குனிந்து பார்த்தேன். வெள்ளைப் பொடி கரைந்து, பின்பக்கம் முழுக்கக் கறுப்பு வழிந்து சொட்டிக்கொண்டிருந்தது.

மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஒழுகியதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை நான் கண்டதில்லை.

"சும்மா நின்னா ஒழுகல. சிரமப்பட்டா ஒழுகுது. அப்போ சீல்ல ஓட்டை இல்ல. உள்ளேயிருந்து ஏதோ தள்ளுது" என்றார், தெருவுக்கே கேட்கிற மாதிரி. இஞ்சின் மேலே எண்ணெய் ஊற்றுகிற மூடி இருக்கிறதல்லவா, துணியைச் சுற்றிக்கொண்டு அதை மெதுவாகத் திருகினார். மூடி கையை விட்டுத் துள்ளியது.

"புஸ்ஸுன்னு சத்தம் வந்துச்சுங்க!" என்று அக்கா அவர் காதருகே கத்தினார்.

"எனக்குக் கேக்கல" என்றார் மாமா. "ஆனா கையில அடிச்சுது."

இஞ்சினை ஓடவிட்டு, உள்ளங்கையை அந்தத் துவாரத்துக்கு மேலே பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து என்னையும் கூப்பிட்டு, கையை வைக்கச் சொன்னார். மூச்சு விடத் திணறுகிறவர் வாய்க்கு நேரே கை வைத்தது போல வெதுவெதுப்பாக, விட்டு விட்டுத் தள்ளியது.

மாமா எங்கள் இரண்டு பேருக்கும் விளக்கினார். மேட்டில் ஏறுகிற பெரிய தண்ணீர்க் குழாய்களில் அங்கங்கே காற்று வெளியேற ஒரு வால்வு வைத்திருப்பார்களாம். அது அடைத்துக்கொண்டால் உள்ளே காற்று சேர்ந்து, குழாயில் எது லேசான இடமோ அதைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். "பிஞ்ச இடத்தையே ஒட்டிக்கிட்டு இருந்தா, வருஷம் பூரா ஒட்டலாம். இந்த இஞ்சினுக்கும் மூச்சு விட ஒரு வழி இருந்தே ஆகணும். அது அடைச்சிருக்கு."

அதை நிரூபிக்க இன்னொரு முறை மேடு ஏறினார்கள். இந்தத் தடவை மூடியை எடுத்துவிட்டு, அந்தத் துவாரத்தின் மேல் ஒரு துணியை மடித்துப் போட்டு, சீட்டு தைக்கிற நூலால் அக்கா இறுகக் கட்டினார். திரும்பி வந்தபோது மேலே கட்டிய துணி எண்ணெயில் நனைந்து சொதசொதவென்று இருந்தது. பின்பக்கம் புதிதாகத் தட்டிய பொடி? நான் விரலால் தொட்டுப் பார்த்தேன். விரல் வெள்ளையாக வந்தது.

அந்த மூச்சுக் குழாய் இஞ்சினில் எங்கே இருக்கிறது என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியாது. தெரிந்தவர் டாக்டர் ஒருவர்தான்.

"நான் போய்க் கேக்கமாட்டேன்" என்றார் அக்கா.

திங்கட்கிழமை, கடைகள் எல்லாம் திறந்து, இரைச்சல் உச்சத்தில் இருந்த நேரத்தில், மாமா தனியாக பஸ் ஏறி வந்தார். ஆள் இல்லாத நாளில்தான் வருவேன் என்றவர். நேராக டாக்டர் கடை முன்னால் நின்று, காது கேட்காதவர்களுக்கே உரிய அந்தப் பெரிய குரலில் கேட்டார்: "இஞ்சின் மூச்சு விடற குழாய் எங்கப்பா இருக்கு?"

ஒன்பது கடையும் திரும்பிப் பார்த்தது.

டாக்டர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். அவர் மனசுக்குள் ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. "பிரீத்தர்!" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, விளக்கை எடுத்துக்கொண்டு பச்சைக் காரை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனார். அக்கா தையல் மெஷினை விட்டு எழுந்து வந்தார். நாங்களும் சூழ்ந்துகொண்டோம்.

இஞ்சினின் பக்கவாட்டில், புகைக்குழாய்க்குப் பின்னால், கை நுழையாத ஓர் இடத்தில் கட்டைவிரல் தடிமனுக்கு வளைந்த குழாய் ஒன்று இருந்தது. டாக்டர் அதைக் கழற்றி, துடைத்து, ஒரு முனையில் வாயை வைத்து ஊதினார். கன்னம் உப்பியதுதான் மிச்சம். கம்பியை விட்டுக் குத்தினார். ஏதோ மெத்தென்று தட்டுப்பட்டது. கம்பி முனையை வளைத்து, கொக்கி போட்டு இழுத்தார். எண்ணெயில் ஊறிக் கறுத்துப்போன ஒரு கட்டி, விரல் நீளத்துக்கு, சளக் என்று தரையில் விழுந்தது.

"பஞ்சு! எவனோ ஒரு மடையன் உள்ளே பஞ்சை வெச்சு அடைச்சிருக்கான். வக்கீல் காலத்து வேலை" என்றார் டாக்டர். சுற்றி நின்றவர்கள் வக்கீலை ஒரு பாட்டம் திட்டினார்கள்.

அக்கா குனிந்து அதை எடுத்தார். பிழிந்தார். நகத்தால் கிழித்து நடுவில் பார்த்தார். உள்ளே எண்ணெய் ஏறாத இடத்தில் இளஞ்சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகத் துணுக்குகள் தெரிந்தன. வெட்டி மிஞ்சின ஃபோம் துண்டுகளை ஒட்டிச் செய்கிற சரக்கு அது. ஃபோமை அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே தெரியும். பழைய கார் என்பதால் சீட்டு கெட்டியாக இருக்க வேண்டுமென்று, வண்டியைச் சரிசெய்த வருஷம் அவரே வரவழைத்தது.

இஞ்சின் கழற்றி வைக்கப்பட்டு எட்டு மாதம் அவர் கடையில்தான் கிடந்தது. வெளியே தகரத்தைத் தேய்த்துத் தேய்த்துத் தூசி பறக்கும். உள்ளே தூசி போய்விடக் கூடாது என்று, கண்ணில் பட்ட ஒவ்வொரு துவாரத்துக்கும் அளவு பார்த்து ஃபோம் வெட்டி அடைத்து வைத்தார். டாக்டரிடம் கொடுக்கும்போது எல்லாவற்றையும் பிடுங்கி எடுத்தார். எல்லாவற்றையும் என்றுதான் நினைத்தார்.

சுற்றி நின்ற யாருக்கும் எதுவும் தெரியாது. அந்தக் கட்டியைக் குப்பையில் போட்டுவிட்டு அவரும் வக்கீலைத் திட்டியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். வக்கீல் வந்து மறுக்கப்போவதில்லை.

"அந்த மடையன் நான்தான்" என்றார் அக்கா.

டயர் கடைக்காரருக்குச் சிரிப்பு வந்து, இருமலாக மாற்றிக்கொண்டார்.

அக்கா டாக்டரைப் பார்த்துச் சொன்னார்: "தூசி போகக் கூடாதுன்னு நான் வெச்சது. எடுக்க மறந்திருக்கேன். நீங்க ரெண்டு தடவை கியர்பாக்ஸை இறக்கினதும் என்னாலதான். அது போதாதுன்னு உங்க வேலையைப் பத்தி நாலு பேர்கிட்ட குறை வேற சொல்லிட்டேன்."

"நாலு பேரா? ஏழு கடைன்னு கேள்விப்பட்டேன்" என்றார் டாக்டர். முகத்தில் சிரிப்பு இல்லை. குழாயைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் அவரே பூசிய கறுப்பு பெயிண்ட் பளபளத்தது. "இதைத் துடைச்சேன், பெயிண்ட் அடிச்சேன், மாட்டினேன். ஒரு தடவை ஊதிப் பாத்திருந்தா? எந்த வண்டியானாலும் ஊதிப் பாத்துட்டுத்தான் மாட்டுவேன். இதுல மட்டும் ஏன் விட்டேன்னு தெரியல."

இத்தனையும் நடந்துகொண்டிருந்தபோது மாமா எல்லார் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாமல் கேட்டார்: "என்ன சொல்றாங்க? யார் மேல தப்பாம்?"

அக்கா அவர் காதுக்கு நேரே கத்தினார்: "என் மேல!"

"சரி, குழாயை மாட்டச் சொல்லு. நேரம் ஆவுது."

அப்போதுதான் டாக்டர் சிரித்தார். பிறகு எல்லாருமே. அக்காவும் சிரித்தார், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே. அன்று சாயங்காலம் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினார். என் கடைக்கும் வந்தார். "டாக்டர் வேலையில சுத்தம் போயிடுச்சுன்னு சொன்னேன் இல்ல, அது பொய். நீயும் யார்கிட்டயாவது சொல்லியிருந்தா மாத்திச் சொல்லிடு" என்றார். நான் இரண்டு பேரிடம் சொல்லியிருந்தேன். மாற்றிச் சொன்னேன்.

சுத்தம் செய்த குழாயை மாட்டி மேட்டுக்கு ஓட்டிப் போனார்கள். திரும்பி வந்து நிறுத்திய கால் மணி நேரத்தில் பின்பக்கத்திலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அக்கா நெஞ்சில் கைவைத்தார். டாக்டர் முகம் செத்துப்போயிற்று. இவ்வளவு நாள் அழுத்தம் தாங்கி சீலின் உதடு விரிந்துபோயிருந்தால் மூன்றாவது முறை இறக்க வேண்டும். அவர் ஜாக்கியை எடுக்கப் போக, மாமா கையை நீட்டித் தடுத்தார்.

"குழாயை அடைச்ச பிறகும் ரெண்டு நாளைக்கு மண்ணுலேருந்து தண்ணி ஊறும். அது பழைய தண்ணி. அவசரப்பட்டு மறுபடி தோண்டினவங்களை நான் பாத்திருக்கேன். பொறுங்க."

பொறுத்தோம். தினமும் ஒருமுறை மேடு ஏறி இறங்கி, அட்டையை மாற்றி, மாமா நோட்டில் எழுதினார். செவ்வாய், ஏழு சொட்டு. புதன், மூன்று. வியாழன், ஒன்று, அதுவும் மாலையில். வெள்ளிக்கிழமை அட்டையைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். டாக்டரிடம் நீட்டினார். டாக்டர் பார்த்துவிட்டு அக்காவிடம் நீட்டினார். அட்டை அட்டையாகவே இருந்தது.

முழுக்க நின்றுவிட்டது என்று சொன்னால் பொய். இஞ்சினின் மேல்மூடி ஓரத்தில் லேசாக ஒரு வியர்வை இருந்தது. அதையும் சாக்கட்டிப் பொடிதான் காட்டிக்கொடுத்தது. தக்கைத் தாளை வாங்கி, பழைய பேக்கிங்கை மேலே வைத்து வரைந்து, அக்காவே கத்தரியால் வெட்டினார். டாக்டர் மாட்டும்போது அக்கா, "ரொம்ப இறுக்காதீங்க. நூலை அதிகமா இழுத்தா துணி சுருங்கும்ல, அந்த மாதிரி இது நடுவுல தூக்கிக்கும்" என்றார். டாக்டர் ஸ்பானரால் அரைச் சுற்று தளர்த்தினார். இப்போதும் மாதத்துக்கு ஒருமுறை அக்கா அந்த ஓரத்தைத் துணியால் துடைக்க வேண்டியிருக்கிறது. துடைக்கிறார்.

மாமா அதற்குப் பிறகு வாரத்தில் மூன்று நாள் வரிசைக்கு வருகிறார். அடுத்த மாதமே மழைத்தண்ணீர் உள்ளே இறங்குகிற ஒரு வேனை டாக்டர் அவரிடம் காட்டினார். மாமா உள்ளே படுத்துக்கொண்டு, வெளியே என்னைத் தண்ணீர் ஊற்றச் சொல்லி, ஒரு மணி நேரத்தில் கூரை ஓரத்தில் பெருக்கல் குறி போட்டார். எல்லா நாளும் இப்படி நன்றாகவே போகிறது என்று சொல்ல முடியாது. பேட்டரி கடைக்காரர் சொன்னதைத் தப்பாகக் கேட்டு, ஒருநாள் பெரிய சண்டை பிடித்து, இரண்டு நாள் வராமல் இருந்தார். மூன்றாம் நாள் காதுக் கருவியை மாட்டிக்கொண்டு வந்தார். டயர் கடையின் காற்று பம்பு ஓட ஆரம்பித்ததும் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். எங்களுக்கும் பழகிவிட்டது, முக்கியமான விஷயமென்றால் என் கடையிலிருந்து ஒரு சிலேட்டை எடுத்து எழுதிக் காட்டிவிடுவோம்.

போன வாரம் அக்காவும் மாமாவும் மகள் வீட்டுக்குக் கிளம்பினார்கள். மகள் மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் ஆசிரியை. காரில் வருகிறோம் என்றதும், "பஸ்ல வாம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றாளாம். அக்கா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. டாக்டர் ஒரு லிட்டர் எண்ணெய், இரண்டு ஸ்பானர், ஒரு பெல்ட் எல்லாவற்றையும் டிக்கியில் வைத்தார். அக்கா கிளம்புகிற அவசரத்தில் எங்களுக்குக் கையசைக்கப் போய், கிளட்சை விட்டுவிட, வண்டி ஒரு குலுக்கு குலுக்கி அணைந்தது. மாமாவுக்கு அது தெரியவில்லை. ஓடிக்கொண்டிருக்கிற வண்டியில் உட்கார்ந்த மாதிரி நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி கிளப்பி, திரும்பி, போய்விட்டார்கள்.

ஐந்து நாளில் திரும்புவதாகப் பேச்சு. ஆறாம் நாள் அக்கா எனக்கு போன் செய்தார். மலையில் ஏறும்போது வழியில் பழுதாகி நின்றிருந்த புது வண்டி ஒன்றைத் தாண்டிப் போனார்களாம். அதை இரண்டு தடவை சொன்னார். மகள் பள்ளிக்கூடத்தில் தண்ணீர்க் குழாய் எங்கோ கசிகிறதாம், மாமா தினமும் காலையில் கம்பியோடு கிளம்பிவிடுகிறாராம். காது கேட்காவிட்டால் என்ன, கம்பியைப் பல்லில் கடித்துக்கொண்டால் அதிர்வு தெரிகிறதாம். பிள்ளைகள் வரிசையில் நின்று கடித்துப் பார்க்கிறார்களாம், மகள் தலையில் அடித்துக்கொள்கிறாளாம்.

"இன்னும் ஒரு வாரம் ஆகும் தம்பி. கடைக்கு யாராவது வந்தா சொல்லிடு."

வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஒரு டாக்சிக்காரர் இரண்டு சீட்டையும் கழற்றி என் கடையிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார். பிளேட் எழுத இடம் இல்லாமல், அதில் ஒன்றின் மேல் உட்கார்ந்துதான் இப்போது எழுதுகிறேன். குழி விழுந்த சீட்டு; முதுகு வலிக்கிறது.